மரம்போல் தோன்றும் தரை



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். எழுதியவர் 72 வயது மூதாட்டி. திருச்சியில் 40 ஆண்டுகள் சிவப்புச் சிமென்ட் தரையில் புழங்கியவர். கணவரின் மறைவுக்குப் பின், சென்னையில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு ஒதுக்கிய அறையிலும் அதை ஒட்டிய பூஜை மூலையிலும், மரப்பலகை பதித்தாற்போன்ற லேமினேட் தரை. வெள்ளிதோறும் வீட்டைக் கழுவிப் பழகிய கை சும்மா இருக்குமா? வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, துணியைத் தோய்த்து, மூலை முடுக்கெல்லாம் ஊறத் துடைத்து வந்திருக்கிறார். மூன்றே மாதங்களில் பூஜை மூலையில் இரண்டு பலகைகளின் ஓரங்கள் உப்பி மேலெழும்பிவிட்டன. மகன் ஒன்றும் சொல்லவில்லையாம். மருமகளும் ஒன்றும் சொல்லவில்லையாம். “சொல்லியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். இப்போது அந்த அறையில் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வைக்கவே கை நடுங்குகிறது” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இத்தகைய தரையுள்ள வீடுகளில் பெற்றோர் பலர் இப்போது வாழ்கின்றனர். சென்னை, பெங்களூரு அடுக்குமாடிகளில் படுக்கையறைக்கு மட்டும் இதைப் போடுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா என்று செல்வோர் வீடு முழுவதும் இதையே காண்கின்றனர். தரையின் இயல்பு இன்னதென்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே இந்த வாரம் அதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில், நம் வீட்டில் இருப்பது லேமினேட் தரைதானா என்பதை அறிதல் வேண்டும். மரக்கோடுகள் அச்சிட்ட விட்ரிஃபைடு ஓடுகளும் இப்போது ஏராளம். அவை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். தட்டினால் கல்லோசை எழும். ஓடுகளுக்கு இடையில் பூச்சுக்கோடு தெரியும். அவற்றைத் தாராளமாக நீர்விட்டுத் துடைக்கலாம். வினைல் பலகை என்பது ஒருவகைப் பிளாஸ்டிக். அதுவும் தண்ணீருக்கு அஞ்சாது. லேமினேட் பலகையோ காலுக்குக் குளிராது. நடக்கும்போது சற்றே பொள்ளலான ஓசை தரும். ஐயமிருந்தால், வீட்டைக் கட்டித் தந்தவரையோ பலகை போட்டவரையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது.

இந்தத் தரை மரமன்று. முழுக்க மரமல்லாததும் அன்று. 1977-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இதனை உருவாக்கிற்று. 1984-இல் பெர்கோ என்னும் பெயரில் ஐரோப்பியக் கடைகளுக்கும், பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவுக்கும் வந்தது. நம் அலமாரிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் சன்மைக்கா இதற்கு நெருங்கிய உறவு. பலகையின் நடுப்பகுதி, மரத்தைத் தூளாக்கி நாராக்கி, பிசின் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய அட்டை. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட ஒரு தாள். ஆம், நாம் தேக்கு என்றும் ஓக் என்றும் கண்டு மகிழ்வது ஒரு நிழற்படத்தைத்தான். படத்தின்மேல் கண்ணாடிபோன்ற மெலமைன் பிசின் பூச்சு. தேய்மானத்தைத் தாங்குவதற்காக அப்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு என்ற பொருளின் நுண்துகள்களைக் கலப்பர். மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் வேதியியல் கணக்கில் இதே பொருள்தான் என்பது ஒரு வேடிக்கை. பலகையின் அடிப்புறத்தில், வளைந்துவிடாமல் காக்க இன்னுமோர் அடுக்கு. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 7 முதல் 12 மில்லிமீட்டர் கனம்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. மேலே இருக்கும் பூச்சுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே அன்று. நடுவில் இருக்கும் மரநார் அட்டைக்கோ தண்ணீரே கூற்றுவன். இரண்டுக்கும் இடையே காவல் நிற்பவை பலகைகளின் இணைப்புகள். ஒரு பலகையின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் அழுந்திப் பூட்டிக்கொள்கிறது, அவ்வளவே. அந்த மயிரிழைப் பிளவில் நீர் தேங்கி நின்றால் சிறிது சிறிதாக உள்ளே இறங்கும். நார் அதைக் குடித்து உப்பும். அப்பளம் ஈரத்தில் நமுத்தால் வெயிலில் காய வைத்து மீட்டுவிடலாம். உப்பிய நார்ப்பலகை காய்ந்தாலும் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. நான் பணியாற்றிய ஒரு வங்கிக் கிளையில் சன்மைக்கா ஒட்டிய கவுன்ட்டர் ஒன்று இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோரின் முழங்கை பட்டும் அதன் முகப்பு மங்கவில்லை; தண்ணீர்க் கூஜா வைத்திருந்த மூலை மட்டும் ஓரம் பிளந்து, உள்ளிருந்த பலகை பூத்துப்போய் நின்றது. மேற்பரப்பு வேறு, விளிம்பு வேறு என்பதை அந்த மூலையைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இப்பலகைகள் கீழுள்ள சிமென்ட்டில் ஒட்டப்படுவதில்லை. மெல்லிய நுரை விரிப்பின்மேல் மிதந்தாற்போல் கிடக்கின்றன. பருவத்துக்கேற்ப அவை சற்றே விரியும், சுருங்கும். அதற்காகச் சுவரோரம் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்திருப்பார்கள். அந்த இடத்தில் பலகை அறுபட்ட பச்சை விளிம்புடன் இருக்கும். மூலை முடுக்குகளில் நீரை ஓடவிட்டுத் துடைக்கும் நம் வழக்கம் இங்கேதான் கேடு செய்கிறது. பட்டைக்கு அடியில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி நுரை விரிப்பிலேயே தங்கும். புதிய வகைகளில் சில, குறிப்பிட்ட மணி நேரம் தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. அவை உண்மையிலேயே மேம்பட்டவைதாம். ஆயினும் அந்த உறுதி பெரும்பாலும் மேலே சிந்தும் நீருக்கே உரியது. சுவரோரம் அடியில் இறங்கும் நீருக்கு அன்று.

கடிதம் எழுதிய அம்மையாரின் மகன் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒன்று சொல்வேன். உப்பிய பலகைமேல் கனமான பொருளை ஏற்றி வைப்பதால் பயனில்லை. இழைத்துச் சமப்படுத்தவும் இயலாது. இழைத்தால் படம் போய்விடும். மூலைப் பலகைகள் என்பதால் வேலை எளிது. அருகிலுள்ள சுவரின் பட்டையைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாகப் பூட்டு நெகிழ்த்தி எடுத்து, கெட்டவற்றை மட்டும் மாற்றி மீண்டும் பூட்டிவிடலாம். கைதேர்ந்தவருக்கு ஒரு முற்பகல் வேலை. புதிய பலகை போடுமுன் அந்தச் சுவரில் கசிவு உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும். பழி முழுவதையும் தாயாரின் துணிமேல் போட்டுவிட்டுக் குழாய்க் கசிவை விட்டுவிடலாகாது. மாற்றுவதைத் தள்ளிப் போடுவதும் நன்றன்று. மேலெழும்பிய விளிம்பு என்பது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. விடியற்காலை மங்கலில் காலைத் தேய்த்து நடக்கும் ஒருவரின் கட்டைவிரல் அதில் இடறினால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, துடைக்கும் முறை.

இத்தரைக்குத் தினசரித் தேவை தண்ணீர் அன்று, தூசி அகற்றுதல். செருப்பிலும் காற்றிலும் வரும் மணல்தான் மேற்பூச்சைத் தேய்க்கும் அரம். மாணிக்கத்தின் இனம் கலந்திருந்தாலும் அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது பிசின் அல்லவா? மணல் அந்தப் பிசினைக் கீறும். ஆகவே பூந்துடைப்பத்தாலோ, மைக்ரோஃபைபர் துணி மாட்டிய தட்டை மாப்பினாலோ நாள்தோறும் ஒருமுறை தள்ளி எடுத்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட பராமரிப்பு முடிந்தது. தென்னை ஈர்க்குத் துடைப்பம் வாசலோடு நிற்கட்டும். வேக்யூம் கிளீனர் இருந்தால் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, மென்மையான முனையைப் பொருத்திப் பயன்படுத்தலாம். அறை வாயிலில் ஒரு மிதியடி போட்டால், உள்ளே வரும் மணல் வெகுவாகக் குறையும்.

ஈரத் துடைப்பு வாரம் ஒருமுறை போதும். இருவர் மட்டும் புழங்கும் அறையானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூடப் போதும். தூசியை முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் மணலைச் சேறாக்கித் தேய்த்ததாகும். துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாக முறுக்கிப் பிழிய வேண்டும். எவ்வளவு என்று கேட்பீர்கள். பிழிந்த துணியை உள்ளங்கையில் அழுத்தினால் கை குளிர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. தரையில் ஒருமுறை இழுத்தால் விழும் ஈரத்தடம் ஓரிரு நிமிடத்தில் தானாக மறைய வேண்டும், அதுவே அளவு. பலகையின் நீளவாக்கில் இழுத்து, பின்னாலேயே ஓர் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தால் மிகவும் நன்று. வாளியோடு சேர்ந்த சுழல்மாப்பை உபயோகிப்போர் இன்னும் இரண்டு சுற்று அதிகமாகச் சுழற்றிப் பிழிவது நலம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதைப் பொறுமையாக ஒருமுறை செய்து காட்டுங்கள். அவர் மூன்று வீட்டில் ஓட்டுத் தரையைத் துடைத்துவிட்டு நான்காவதாக உங்கள் வீட்டுக்கு வருகிறார். கை அந்தப் பழக்கத்திலேயே போகும்.

சிவப்புச் சிமென்ட் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கண்ணாடிபோல் வைத்திருந்த தலைமுறை நாம். அந்த நினைவில் இங்கும் எண்ணெயோ மெழுகோ பூசினால் பளபளக்கும் என்று எண்ணுவோர் உண்டு. சிமென்ட் எண்ணெயை உறிஞ்சும்; மெலமைன் உறிஞ்சாது. பூசியதெல்லாம் மேலேயே நின்று, தூசியைப் பிடித்து, காலை வழுக்கிவிடும். முதியோர் இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்தான பளபளப்பு வேறில்லை. சோப்புத்தூளும் ஃபெனாயிலும் வெண்மையான படலம் விட்டுச் செல்லும். அதை நீக்க மேலும் மேலும் நீர்விட நேரும். பிளீச்சிங் பவுடர், ஆசிட், தேய்க்கும் நார், கம்பிச் சுருள் ஆகியவற்றை நினைக்கவே வேண்டா. நீராவி மாப் என்று ஒன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது; கிருமி போகும் என்று பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருவர். சூடான ஆவி இணைப்புகளுக்குள் எளிதில் புகும் என்பதால், தரை செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் அதை விலக்கியே வைத்திருக்கின்றன. வெறும் தண்ணீர் போதவில்லையெனில், லேமினேட் தரைக்கென்றே விற்கும் திரவத்தில் சில துளிகளைத் துணியில் விட்டுக்கொள்ளலாம், தரையில் ஊற்றலாகாது.

பூஜை மூலையைப் பற்றித் தனியே பேச வேண்டும். நீர், எண்ணெய், நெருப்பு, மாவு நான்கும் ஒருங்கே கூடும் இடம் அது. முறைகளைப் பற்றிச் சொல்ல அடியேனுக்குத் தகுதியில்லை. தரையைப் பற்றி மட்டுமே சொல்கிறேன்.

குத்துவிளக்கை வெறுந்தரையில் வைக்க வேண்டா. விளிம்புள்ள பித்தளைத் தாம்பாளம் ஒன்றின்மேல் வைத்தால், வழியும் எண்ணெயும் உதிரும் திரிக்கருக்கும் அதிலேயே தங்கும். தாம்பாளத்தின் அடியில் தடித்த துணியோ, கடைகளில் கிடைக்கும் ஃபெல்ட் வில்லைகளோ இருந்தால் நகர்த்தும்போது கீறல் விழாது. கற்பூரத் தட்டும் சாம்பிராணிக் காலும் சூட்டோடு தரையைத் தொடலாகாது, பூச்சு கொப்பளித்துவிடும். ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் வைக்கலாம்.

உலர்ந்த அரிசிமாவில் கோலமிட்டால் தரைக்குத் தீங்கில்லை. பூஜை முடிந்ததும் ஈரம் படாமல் கூட்டியெடுத்துவிட வேண்டும். வழவழப்பான தரையில் உலர்மாவும் காலை வழுக்கும். இழைக்கோலம்தான் சிக்கல். மாவு கரைத்த நீர், காயும்வரை இணைப்புகளின்மேலேயே நிற்கும். காய்ந்த மாவைப் பிறகு ஊறவைத்துத் தேய்க்கவும் நேரும். நிரந்தரமாக ஒரு மணையிலோ, கோலத்துக்கென்றே வைத்த பலகையிலோ இழைக்கோலம் போட்டு மூலையில் வைத்துவிடுவோர் பலரைக் கண்டிருக்கிறேன். நல்ல ஏற்பாடு. மஞ்சள் நீரை வாசல் கல்லுக்கும் நிலைப்படிக்கும் வைத்துக்கொள்ளலாம். தரையின் முகப்பில் படும் மஞ்சளை உடனே துடைத்துவிடலாம். இணைப்பில் இறங்கிய மஞ்சள் போவதில்லை.

சிறு விக்கிரகங்களுக்கு அபிஷேகம் செய்யும் வழக்கமுள்ளோர், கல் பதித்த மேடையிலோ, மேசைமேல் அகன்ற தட்டிலோ செய்தபின் துடைத்து இடத்தில் எழுந்தருளச் செய்யலாம். தீர்த்தச் சொம்பையும் பூச்சாடியையும் தட்டின்மேல் வைத்தால், அடியில் வேர்க்கும் நீர் தரையில் தேங்காது. குளித்துவிட்டு ஈர வேட்டியுடன் நேரே பூஜைக்கு வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். குளியலறை வாயிலிலும் பூஜை முன்பும் தடித்த பருத்தி விரிப்பு ஒவ்வொன்று போட்டுவிட்டால் அவர்களும் தயங்காமல் வரலாம். விரிப்பு நனைந்தால் அன்றன்றே எடுத்து உலர்த்த வேண்டும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி, நனைந்த நிலையில் அங்கேயே கிடந்தால் ஈரத்தை அடியில் மூடி வைத்துவிடும். தண்ணீர் சிந்திவிட்டதா? பதற வேண்டா. உடனே உலர்துணியால் ஒற்றியெடுத்தால் ஒரு சொம்பு நீர் ஒன்றும் செய்துவிடாது. தேங்கி நிற்பதுதான் கெடுதல். பூஜை மூலையிலேயே, எட்டும் இடத்தில், ஒரு பழைய வேட்டித் துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். குனிய இயலாதோர் மாப்பின் கோலில் சுற்றி ஒற்றலாம்.

கறைகள் பற்றி இரண்டொரு சொற்கள். எண்ணெய் சிந்தினால் முதலில் தாளால் ஒற்றியெடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, பின் வெறும் ஈரத்துணி, பின் உலர்துணி. மெழுகுவத்தி உருகி விழுந்தால், பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைத்து, இறுகியதும் பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் நெம்பிவிடலாம். காலாவதியான அட்டைக்கு இதைவிட நற்பயன் எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் சன்னலோரமும் பால்கனிக் கதவோரமும் தினமும் பார்க்க வேண்டிய இடங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நீர் சொட்டினால் இன்று நாளை என்று விடலாகாது. நாற்காலி, கட்டில் கால்களுக்கெல்லாம் ஃபெல்ட் வில்லை ஒட்டுவது நல்லது. அதில் மணல் சேர்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கட்டிலை இழுக்காமல் இருவர் தூக்கி நகர்த்தட்டும்.

பலகை போட்டபோது மிஞ்சியவை இருந்தால், அவற்றை எறியாமல், பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள பெயரும் எண்ணும் கிழியாதபடி பரணில் படுக்கை வசமாக வைத்துவிடச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே படம் அச்சிட்ட பலகை கடையில் கிடைப்பது அரிது.

நம்மைப் போன்ற வயதினர் இத்தரைமேல் எப்படி நடக்க வேண்டும் என்பது எஞ்சியிருக்கிறது. குளிர் நாடுகளுக்குச் செல்வோர் வீட்டுக்குள் காலுறை அணிந்து நடப்பதுண்டு. வழவழப்பான காலுறையும் லேமினேட் தரையும் சேர்ந்தால் பனிக்கட்டிமேல் நடப்பதற்கு ஒப்பாகும். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த காலுறை கிடைக்கிறது. அல்லது பிடிமானமுள்ள வீட்டுச் செருப்பு அணியலாம். தரை துடைத்த பின் கால் மணி நேரம் அவ்வறையில் நடமாடாதிருத்தல் நல்லது. ஆகையால், நீங்கள் கோயிலுக்கோ காலை நடைக்கோ சென்றிருக்கும் வேளையில் துடைத்து முடிக்கும்படி வீட்டில் சொல்லிவைக்கலாம். சிறு விரிப்புகள் நழுவாமலிருக்க அவற்றின் அடியில் போடும் வலைவிரிப்பு உண்டு. அஃதில்லாத விரிப்பை நடைபாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரையுள்ள வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சிந்திய நீர் கண்ணில் படும்.

கைத்தடியும் நடைச்சட்டமும் பயன்படுத்துவோர், கால்களின் ரப்பர்க் குமிழை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால் பிடிமானம் போய்விட்டதென்று பொருள். உள்ளிருக்கும் இரும்பு எட்டிப் பார்த்தால் தரையும் கீறும், தடியும் சறுக்கும். மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் குமிழ் தனியாகக் கிடைக்கும். தடியைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.